ஈரம் கேட்ட கரி

கரியண்ணன் ஒரு வீட்டுக்கு வந்துபோனாரா என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லை. கதவுக் கைப்பிடியில் ஒரு கட்டைவிரல், தண்ணீர் டம்ளரில் நாலு விரல், மின்விசிறி ஸ்விட்சில் ஒரு சுட்டுவிரல் என்று கறுப்புக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தங்கை வீட்டுக்கு வருவார். அவர் படியிறங்கியதும் தங்கை ஈரத்துணியோடு கிளம்பிவிடுவாள். "அம்பது வயசாகுது, இன்னும் கை கழுவத் தெரியலை" என்று திட்டிக்கொண்டே ஒவ்வொரு தடமாகத் துடைப்பாள். திட்டில் பாதி பெருமைதான். ஊரில் எத்தனையோ மோட்டார்கள் ஓடுவது தன் அண்ணன் கையால் என்ற நினைப்பு அவளுக்கு உண்டு.

தங்கை உயர்நிலைப்பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கட்டிய கணவன் உட்பட எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிடுவதால் நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அண்ணன் மட்டும் நாற்பத்திரண்டு வயதிலும் அவளைப் 'பாப்பா' என்பார்.

கரியண்ணன் விற்பது கார்பன் பிரஷ். பிரஷ் என்றதும் பல் தேய்ப்பதையோ சுவருக்குப் பெயின்ட் அடிப்பதையோ நினைக்கக் கூடாது. மோட்டாருக்குள் ஒரு செம்பு உருளை தலை தெறிக்கச் சுற்றும். சுற்றுகிற சாமானுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். கம்பியைக் கட்டினால் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். அதனால் விரல் பருமனில் ஒரு கரித்துண்டை ஸ்பிரிங் வைத்து அதன்மேல் அழுத்தி நிறுத்துவார்கள். அந்தத் துண்டு மின்சாரத்தையும் கடத்த வேண்டும், இரவு பகலாக உரசினாலும் லேசில் தேயக் கூடாது. இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகச் செய்ய கிராஃபைட்டை விட்டால் நாதியில்லை. டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், பீரோ அகலமே உள்ள ஒரு கடையில் உட்கார்ந்து, கிராஃபைட் கட்டியை அறுத்து, உருளையின் வளைவுக்குத் தக்கபடி மணல்தாளில் தேய்த்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். அளவுகோலை அவர் எடுத்து யாரும் பார்த்ததில்லை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவுவார். "இன்னும் ரெண்டு தேய்ப்பு" என்பார். ரெண்டே தேய்ப்பில் சரியாகிவிடும்.

டீச்சருக்கும் கிராஃபைட் என்றால் உயிர். வருஷம் முழுக்க நடத்தும் பாடங்களில் பெரும் சகப்பிணைப்பு அமைப்புகள் என்ற அத்தியாயம் வரும்போது மட்டும் அவள் குரல் ஒரு படி ஏறும். "மத்த மூலக்கூறெல்லாம் ரெண்டு அணு, மூணு அணுன்னு சின்னச் சின்னக் குடும்பம். தண்ணியைப் பாருங்க, மூணே பேர். இது அப்படி இல்லை. இந்தப் பென்சில் முனையில இருக்கிற ஒவ்வொரு தகடும் கோடிக்கணக்கான கார்பன் கைகோத்து நிக்கிற ஒரே குடும்பம். அடுப்புல போட்டாலும் உருகாது, தண்ணியில போட்டாலும் கரையாது. ஏன்? பிரிக்கணும்னா அத்தனை கையையும் அறுக்கணும்!" என்பாள்.

பிறகு வைரத்துக்கு வருவாள். வைரமும் அதே கார்பன்தான். ஆனால் அங்கே ஒவ்வொரு அணுவும் நாலு கையாலும் நாலு பேரைப் பிடித்திருக்கிறது; அசைய வழியில்லை, அதனால்தான் அத்தனை கடினம். கிராஃபைட்டில் மூன்று கைதான் பிடிப்பு. மிச்சமிருக்கும் எலக்ட்ரான் தகடு முழுக்க ஊர் சுற்றும், அதனால் மின்சாரம் பாயும். தகடுக்கும் தகடுக்கும் நடுவே பிடிப்பு லேசுதான், அதனால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். "வழுக்கும், ஆகவே எண்ணெய் இல்லாமலே உராய்வைக் குறைக்கும்" என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடிடுவாள். பதினெட்டு வருஷமாக அந்தக் கோடு கோணியதில்லை.

அந்தக் கோட்டில்தான் சங்கடம் வந்து உட்கார்ந்தது.

டீச்சரின் கணவர் ஒரு மாத்திரை ஆலையில் மோட்டார் மெக்கானிக். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரை. தூளை அழுத்தி மாத்திரையாக்கும் இயந்திரத்தின் பழைய மோட்டாருக்குக் கரியண்ணன் கடை பிரஷ்தான் போடுவார். ஒரு ஜோடி போட்டால் பத்து மாதம் அதை மறந்துவிடலாம். அப்படிப்பட்ட பிரஷ் திடீரென்று எட்டே நாளில் பொடியாகிப் போயிற்று. மாற்றினார். மறுபடி எட்டு நாள். மூன்றாவது ஜோடி ஏழாவது நாளே வாயைப் பிளந்தது.

ஆலை மேனேஜர் பொறுமைசாலி இல்லை. "உங்க மச்சான் கடைங்கிறதால கண்ணை மூடிக்கிட்டு வாங்கிப் போடுறீங்களா?" என்று ஆட்கள் நடுவில் கேட்டுவிட்டார்.

மெக்கானிக் அன்று வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல நின்றவாக்கில் மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். கொஞ்ச நாளாகவே அப்படித்தான். உதடு வெடித்து, விரல்முட்டி எல்லாம் பாளம் பாளமாக இருந்தது. "பாலைவனத்துல வேலை பார்க்கிற மாதிரி வர்றீங்க" என்று டீச்சர் கிண்டல் செய்து வேஸலின் டப்பாவை நகர்த்தினாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே கண்மை மாதிரி கறுப்புத் தூள்.

"உங்கண்ணன் குடுத்த பிரஷ். நீதான் படிச்சவ. இது அசல் கிராஃபைட்டான்னு பார்த்துச் சொல்லு. மேனேஜர் எழுத்துல கேட்கிறாரு."

டீச்சர் மறுநாள் பள்ளி ஆய்வகத்தில் அதே சரக்கில் தேயாத முழு பிரஷ் ஒன்றை உட்காரவைத்து விசாரித்தாள். பல்பு இணைப்பில் வைத்தாள், பல்பு எரிந்தது. பர்னர் சுடரில் பிடித்தாள், சிவந்தது, உருகவில்லை. தண்ணீரில் போட்டாள், கரையவில்லை. தாளில் இழுத்தாள்; பளபளவென்று கோடு விழுந்தது. நாலிலும் தேறிவிட்டது. ஆனால் மேஜை ஓரத்தில் அந்தப் பொட்டலம் இருந்தது. அசல் கிராஃபைட் வழுக்கும். வழுக்குவது எட்டு நாளில் தேயாது. இது தேய்ந்திருக்கிறது. அப்படியானால் இது அசல் இல்லை. புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தை அவள் சந்தேகப்படவில்லை. கையில் இருந்த துண்டைச் சந்தேகப்பட்டாள்.

பள்ளித் தாளில் அழகான கையெழுத்தில் எழுதினாள்: 'கிராஃபைட்டுக்கு உரிய வழுக்கும் தன்மை இதில் போதவில்லை. கலப்படம் இருக்கக்கூடும்.' கீழே பெயர், பட்டம், பள்ளி முத்திரை. அண்ணனுக்கு நல்லது செய்வதாகவே நினைத்தாள். அவருக்குக் கிராஃபைட் கட்டி விற்கிற எவனோ அவரை ஏமாற்றுகிறான் என்று முடிவுகட்டி, "அண்ணன்கிட்டயும் ஒரு பிரதி குடுத்துடுங்க. யார் தலையில மிளகாய் அரைக்கிறாங்கன்னு அவருக்கும் தெரியட்டும்" என்று கணவரிடம் சொன்னாள்.

"என்ன சொன்னாரு?" என்று அன்று மாலை கேட்டாள்.

"ரெண்டு தடவை படிச்சாரு. 'பாப்பாவே எழுதுனதா மாப்பிள்ளை'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். மடிச்சு வச்சுக்கிட்டாரு."

டீச்சர் சண்டையை எதிர்பார்த்திருந்தாள். கரியண்ணன் வாய்க்கு அந்தத் தெருவே பயப்படும். ஞாயிற்றுக்கிழமை வந்து குதிப்பார், நாமும் நாலு வார்த்தை சொல்லிச் சமாதானம் ஆகிவிடலாம் என்று தயாராக இருந்தாள். ஞாயிறு வந்தது, அண்ணன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. போன் செய்தால், "வேலை இருக்கு பாப்பா" என்ற மூன்று வார்த்தையோடு சரி. கதவுக் கைப்பிடி கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. துடைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் ஈரத்துணியோடு போய் ஒரு தரம் துடைத்துவிட்டு வருவாள். வெளியே மட்டும், "உண்மையைச் சொன்னா கோபம் வருதாக்கும்" என்று முறுக்கிக்கொண்டாள்.

மூன்றாவது ஞாயிறன்று கணவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி மெல்ல வாயைத் திறந்தார்.

"மேனேஜர் பெரிய கம்பெனி பிரஷ் வரவழைச்சாரு. டப்பாவே நகை டப்பா மாதிரி இருந்துச்சு."

"சரி."

"அதுவும் ஒன்பதாம் நாள் பொடியாயிடுச்சு."

டீச்சரின் கை சோற்றில் அப்படியே நின்றது. "எப்ப?"

"வியாழக்கிழமையே. சொல்ல வாய் வரலை."

அவளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பெரிய கம்பெனியும் கலப்படமா? இரண்டும் ஒரே மாதிரிப் பொடியானால் பிழை பிரஷ்மேல் இல்லை. பிழை வேறெங்கோ இருக்கிறது. ஒருவேளை பதினெட்டு வருஷமாக அடிக்கோடிட்ட வாக்கியத்திலேயே இருக்கிறது.

"அந்த ரூம்ல புதுசா என்ன மாத்துனீங்க?"

"ஒண்ணுமே மாத்தலைம்மா. அதே மோட்டார், அதே மெஷின்." சொல்லிக்கொண்டே அவர் வெடித்த உதட்டை நாக்கால் தடவிவிட்டு மூன்றாவது டம்ளர் தண்ணீருக்குக் கையை நீட்டினார்.

டீச்சர் அந்த உதட்டையே பார்த்தாள். "உங்களுக்கு இந்த உதடு எப்பலேர்ந்து இப்படி?"

"அது... காத்தை உலர்த்துற மெஷின் வந்ததுலேர்ந்து. மாத்திரை ஈரத்துல நுரைச்சுப் போகுதுன்னு பெருசா ஒண்ணு வச்சாங்க. உள்ள போனா மூக்கு எரியும், கதவைத் தொட்டா ஷாக் அடிக்கும். காத்துல ஈரம் நூத்துக்கு ரெண்டுகூட இல்லையாம்."

"அதுக்குள்ள என்ன போட்டு ஈரத்தை உறிஞ்சுறாங்க?"

"சிலிக்கா ஜெல்தான். புதுச் செருப்பு டப்பாவுல பொட்டலம் வருமே, அதே சரக்கு. மூட்டை மூட்டையா."

சிலிக்கா. மணலின் உறவுக்காரன். ஒவ்வொரு சிலிக்கானும் நாலு ஆக்சிஜனைப் பிடித்து நிற்கும், கிராஃபைட்டுக்கு அடுத்த பக்கத்திலேயே அதே அத்தியாயத்தில் வருகிற ஆள். எத்தனை வருஷம் அடுத்தடுத்த பக்கமாக இரண்டையும் புரட்டியிருப்பாள்! ஒருவர் இருக்கிற அறையில் இன்னொருவர் பாடு என்ன ஆகும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டாள், இடது கையால்.

அடுத்த நாள் கல்லூரி நூலகத்தில் செங்கல் கனத்தில் இருந்த ஒரு புத்தகத்தைத் தேடியெடுத்து நின்றபடியே படித்தாள். பள்ளிப் புத்தகம் சொல்லாமல் விட்டதை அது ஒரு பத்தியில் சொன்னது. தகடுகள் வழுக்குவது மெய்தான். ஆனால் தகடு உடைகிற விளிம்பில் பிடி அறுந்த கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவை சும்மா இருக்காது. பக்கத்துத் தகட்டையோ செம்பையோ பற்றி இழுத்துப் பிய்க்கும். சாதாரணக் காற்றில் இருக்கிற நீராவி வந்து அந்தக் கைகளைப் பிடித்து அடக்குகிறது. அப்புறம்தான் வழுக்கல். நீராவியே இல்லாத காற்றில் கிராஃபைட் தன்னைத்தானே அரைத்துக்கொள்ளும்.

படித்து முடித்தபோது டீச்சருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வைரத்தோடு ஒன்றாகப் பிறந்த பொருள், எந்தத் தீக்கும் உருகாத பொருள், கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் ஈரத்தை நம்பி வாழ்கிறது! இதைத் தெரியாமல் இத்தனை நாள் அதை நேசித்தோமே என்று நினைத்தாள். தெரிந்தபின் இன்னும் கூடுதலாகப் பிடித்துப்போனது.

படித்தது போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒரு தரம் புத்தகத்தை நம்பிக் கெட்டாயிற்று. கணவர் தையல் மெஷின் மோட்டார் இரண்டைப் பழைய சாமானிலிருந்து தேடிக்கொண்டுவந்தார். இரண்டிலும் கரியண்ணன் கடை பிரஷையே போட்டார்கள். பள்ளி ஆய்வகத்தில் ஒன்றை மூடாமல் வைத்தார்கள். இன்னொன்றின்மேல் மீன் தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பில் கிரீஸ் தடவி, உள்ளே நாலு தட்டு சிலிக்கா ஜெல் வைத்தார்கள். பள்ளி விட்டதும் இரண்டையும் ஓட்டி, சூடேறாமல் நடுவே நிறுத்தி மறுபடி ஓட்டினார்கள். மூன்றாம் நாள் தொட்டிக்குள் விரித்த வெள்ளைத்தாள் கறுத்துக் கிடந்தது. வெளியே இருந்த மோட்டாரின் தாளில் ஊதினால் பறக்கிற அளவுகூட இல்லை. நாலாம் நாள் சிலிக்கா ஜெல்லை எடுத்துவிட்டு, புது பிரஷ் போட்டு, புது வெள்ளைத்தாள் விரித்து, ஒரு ஈரத்துணியைச் சுருட்டி உள்ளே வைத்தாள். அண்ணன் தடத்தைத் துடைக்கிற அதே துணிதான். இரண்டு நாள் ஓடியும் தாள் வெள்ளையாகவே இருந்தது.

"அடேயப்பா" என்றார் மெக்கானிக். அவர் எதற்கும் அடேயப்பா சொல்கிற ஆள் இல்லை.

ஆலையில் வேலை சுலபமாக முடிந்தது. மோட்டாருக்கு மட்டும் தனிக் கூடு போட்டு, வெளிக்காற்று வரும்படி ஒரு குழாய் விட்டார்கள். மேனேஜர், "காத்துல இவ்வளவு விஷயம் இருக்கா!" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை. டீச்சருக்கு இருந்தது. சனிக்கிழமை காலை இரண்டு தாள்களையும், கறுத்ததையும் வெளுத்ததையும், கோப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் கடைக்குக் கிளம்பினாள். என்ன திட்டினாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்வதென்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஷட்டரில், கண்மட்டத்தில், அவள் எழுதிய கடிதம். அவளுடைய கையெழுத்து, பள்ளி முத்திரை, எல்லாம். நாலு மூலையிலும் டேப் போட்டு ஒட்டியிருந்தது. அதன் கீழே இன்னொரு தாளில் கோணல் எழுத்தில், 'என்னிடம் பிரஷ் வாங்கியவர்கள் தயவுசெய்து திருப்பிக் கொண்டுவரவும். சரக்கு சரியில்லை' என்று இருந்தது.

ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "வாங்க டீச்சர். நானும் சொல்லிப் பார்த்தேன். வர்ற ஆளுக்கெல்லாம் இவரே இந்தக் காகிதத்தைப் படிச்சுக் காட்டித் திருப்பி அனுப்புறாரு. அப்புறம் யாரு வருவாங்க?"

டீச்சர் குனிந்து உள்ளே நுழைந்தாள். அலமாரிகள் காலி. டப்பாக்கள் எல்லாம் சாக்குகளில் கட்டி மூலையில் கிடந்தன. நடுவில் ஸ்டூலில் கரியண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் இருந்த அவர் கைகளை டீச்சர் பார்த்தாள். கைகள் சுத்தமாக இருந்தன. நகக்கண்கூட வெள்ளையாக இருந்தது. யாரோ தெரியாத ஆளின் கை மாதிரி இருந்தது.

"வா பாப்பா. உட்காரு. இடம்தான் இல்லை."

"என்னண்ணா இது? எதுக்கு எல்லாத்தையும் மூட்டை கட்டினே?"

"நீ எழுதிக் குடுத்தியே. கெட்ட சரக்கை வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"உனக்குத் தெரியலையா? இத்தனை வருஷம் தொட்டுப் பார்த்தவன்தானே நீ? உன் விரல் என்ன சொல்லுச்சு?"

அவர் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நல்ல சரக்குன்னுதான் சொல்லுச்சு. அதுக்காக? விரல் என்ன படிச்சிருக்கா? நீ படிச்சிருக்கே."

திட்டு வாங்கத் தயாராக வந்தவளுக்கு இதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. சாக்கு மூட்டையின்மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். கரியண்ணன் பதறி எழுந்து டயர் கடையிலிருந்து தண்ணீர் வாங்கிவந்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கோப்பைத் திறந்து, இரண்டு தாள்களையும் விரித்து, உலர்ந்த அறை, சிலிக்கா, பிடி அறுந்த கைகள், நீராவி என்று ஆதியோடந்தம் சொன்னாள். அவர் கறுத்த தாளை நோக்கிக் குனிந்தார்.

"அப்ப தண்ணி இல்லாமத்தான் செத்துப்போச்சா?"

"ஆமாண்ணா. அசல் கிராஃபைட்தான். உன் விரல் சரியாத்தான் சொல்லியிருக்கு. தப்பு எம்மேல. நாலு சோதனையில தேறினதை ஒரு வாக்கியத்தை வச்சு ஃபெயிலாக்கிட்டேன்."

கரியண்ணன் ஒரு சாக்கை அவிழ்த்து ஒரு பிரஷை எடுத்தார். கட்டைவிரலால் மெல்லத் தடவினார். இன்னொரு தரம் தடவினார். விரல் கறுத்தது. "பாவம்டா நீ" என்றார் அந்தத் துண்டைப் பார்த்து. "வாய் இருந்தா ஒரு வாய் தண்ணி கேட்டிருப்பே."

டீச்சர் வெளியே வந்து ஷட்டரிலிருந்து கடிதத்தைப் பிய்த்துக் கிழிக்கப் போனாள். அவர் ஓடிவந்து தடுத்தார். "கிழிக்காத. உன் கையெழுத்து நல்லா இருக்கு."

அவள் தாளைப் பின்பக்கம் திருப்பி அண்ணன் முதுகிலேயே வைத்தாள். பேனா எடுக்கவில்லை. அவர் கையிலிருந்த பிரஷை வாங்கி அதனாலேயே எழுதினாள். எழுத எழுதத் தகடு தகடாக உரிந்து தாளில் ஒட்டிக்கொண்டு பளபளத்தது. 'இந்தக் கடைச் சரக்கு அசல். சோதித்ததில் தவறியது நான்.' கீழே பெயர், பட்டம். முத்திரை கையில் இல்லாததால் கட்டைவிரலை அழுத்தினாள். அவள் வீட்டுக் கதவில் அண்ணன் வைக்கிற தடம் மாதிரியே அச்சு அசலாக விழுந்தது.

"என்ன எழுதினே? முதுகுல கூசுது" என்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வீட்டுக்கு வரணும்னு எழுதினேன்."

"கையைக் கழுவிட்டு வரேன்."

"கழுவிட்டு வந்தா கதவைத் திறக்க மாட்டேன்" என்றாள் டீச்சர். பிறகு அலமாரியில் டப்பாக்களைத் திரும்ப அடுக்க, இரண்டாவது சாக்கின் முடிச்சை அவிழ்த்தாள்.